"எல்லாருக்கும் இதே அக்ரிமென்ட்தான் தம்பி": இளம் ஹாக்கி ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் எப்படிப் பேசப்படுகிறது?

பண்டமாரான் ஹாக்கி அரங்கில் மாலைப் பயிற்சி முடிகிறது. ஸ்டிக்கைப் பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது அணி நிர்வாகி ஒருவர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு நாலு பக்கத் தாளை நீட்டுகிறார். "எல்லாருக்கும் இதே அக்ரிமென்ட்தான் தம்பி. அப்பாகிட்ட காட்டிட்டு நாளைக்கு சைன் போட்டுக் கொண்டு வந்துடு."

இப்படி ஒரு நாள் உங்களுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 17, ஐந்தாம் படிவம், தற்காப்பு ஆட்டக்காரர். கோல் போடுகிறவருக்குப் பத்திரிகையில் படம் வரும். பின்னால் நின்று பத்துப் பந்தைத் தடுத்தவருக்குப் பெரும்பாலும் முழங்கால் காயம்தான் மிச்சம். உங்கள் ஆட்டத்துக்கு என்ன விலை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த நாலு பக்கத்தில் ஒரு தொகை இருக்கிறது. அது கூடவா குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேரம் என்றால் திறமைக்கு ஏற்ற காசு கேட்பது என்று நினைக்கிறோம். ஆனால் திறமைக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. இந்த அணி கொடுக்காவிட்டால் வேறு யார் உங்களுக்குக் கொடுக்கலாம்? அதற்குப் பதில் உங்கள் கையில் இல்லை, லீக்கின் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. இதை நன்றாகப் புரியவைக்கும் கதை ஒன்று கனடாவில் நடந்தது. அங்கிருந்து தொடங்கி, இந்தியா வழியாகக் கிள்ளானுக்குத் திரும்பி வருவோம்.

யார் இந்த சுபான்?

அது பனி ஹாக்கி. சன்வே பிரமிட்டில் ஸ்கேட்டிங் போய் விழுந்து எழுந்தவர்களுக்கு அந்தத் தரை தெரியும். வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்தான் அந்த விளையாட்டில் உலகத்திலேயே பெரிய லீக். பி.கே. சுபான் அங்கே ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர். பெயரைக் கேட்டால் நம்ம ஊர் சுப்பனோ என்று தோன்றும். இல்லை. அப்பா ஜமைக்காவிலிருந்தும் அம்மா மொன்செராட் தீவிலிருந்தும் கனடாவுக்குக் குடியேறியவர்கள். மகன் டொரோண்டோவில் பிறந்தார்.

2007-இல் மொன்ட்ரியால் கனேடியன்ஸ் அணி அவரை இளையோர் தேர்வின் 2-ஆம் சுற்றில் எடுத்தது. அந்த லீக்கில் முதல் ஒப்பந்தத்துக்குப் பெரிய பேரம் கிடையாது. எத்தனை ஆண்டு, அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றன. உண்மையான பேரம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் ஆரம்பிக்கிறது. சுபானுக்கு அது 2012-இல் வந்தது.

அப்போது அவருடைய நிலையைக் 'கட்டுப்பட்ட சுதந்திரம்' என்று சொல்லலாம். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆனாலும் அவர் மீதான உரிமை பழைய அணியிடமே இருக்கிறது. வேறு அணி அவருக்கு எழுத்துபூர்வமாக விலை சொல்லலாம். அதே விலையைக் கொடுக்கத் தயார் என்று பழைய அணி ஏழு நாளுக்குள் சொல்லிவிட்டால் அவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான். விட்டுவிட்டால், கூட்டிக்கொண்டு போகும் அணி எதிர்கால இளையோர் தேர்வு வாய்ப்புகளை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். இதனாலேயே மற்ற அணிகள் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். சம்பளத்தை நடுவர் முடிவு செய்யட்டும் என்று கேட்கும் உரிமைக்கும் குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டும். சுபானுக்கு அந்த ஆண்டுகள் இன்னும் நிறையவில்லை.

அப்படியானால் அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் என்ன? ஆட வராமல் இருப்பது. அதைத்தான் செய்தார்.

கதவடைப்பினால் தாமதமாகி 2013 ஜனவரி 19-இல் பருவம் தொடங்கியபோது அவர் அணியில் இல்லை. நீண்டகால ஒப்பந்தத்தை அவர் தரப்பு எதிர்பார்க்கிறது, அணி குறுகிய காலத்துக்கே தயார் என்று செய்திகள் வந்தன. ஜனவரி 28-இல் கையெழுத்தானது. 2 ஆண்டு, மொத்தம் 57.5 இலட்சம் அமெரிக்க டாலர். நமக்குப் பெரிய தொகைதான். அந்த லீக்கில் முதல் வரிசைத் தற்காப்பு ஆட்டக்காரருக்கு அது குறைந்த சம்பளம். இந்த மாதிரிக் குறுகிய ஒப்பந்தத்துக்கு அங்கே 'பிரிட்ஜ் டீல்' என்று பெயர். முதல் ஒப்பந்தத்துக்கும் பெரிய ஒப்பந்தத்துக்கும் நடுவில் போடும் சின்னப் பாலம். 'இன்னும் கொஞ்சம் நிரூபிச்சுக் காட்டு, அப்புறம் பார்க்கலாம்' என்று அணி சொல்வதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அவர் நிரூபித்துக் காட்டினார். சுருங்கிப்போன அந்தப் பருவத்திலேயே 42 ஆட்டங்களில் 38 புள்ளிகள் எடுத்து, லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருதை வாங்கினார்.

அடுத்த தடவை மேசையில் யார் பலசாலி?

2014 கோடையில் பாலம் முடிந்தது. இப்போது நடுவரிடம் போகும் உரிமை அவருக்கு வந்துவிட்டது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி டொரோண்டோவில் விசாரணை நடந்தது. ஓராண்டுக்கு அவர் கேட்டது 85 இலட்சம் டாலர், அணி சொன்னது 52.5 இலட்சம் என்று செய்திகள் வந்தன.

இந்த விசாரணை எப்படி நடக்கும் தெரியுமா? ஆட்டக்காரர் எவ்வளவு நல்லவர் என்று அவர் தரப்பு சொல்லும். அவர் ஏன் அவ்வளவு பெறமாட்டார் என்று அணி சொல்லும், அவர் எதிரிலேயே. நாளைக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதே ஆட்களுக்காக அவர் ஆட வேண்டும். அதனால் விசாரணை வரை போகாமலேயே இரு தரப்பும் பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடுவார்கள். சுபான் விஷயத்தில் விசாரணை நடந்தே முடிந்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள், மறுநாளே, அணி இறங்கி வந்தது. 8 ஆண்டு, 7 கோடியே 20 இலட்சம் டாலர், சராசரி ஆண்டுக்கு 90 இலட்சம்.

18 மாத இடைவெளியில் இரண்டு ஒப்பந்தம். ஆள் அதே ஆள், ஆட்டமும் அதே ஆட்டம்தான். கையில் ஒரு விருது கூடியிருந்தது, அதைவிட முக்கியமாக விதிப்புத்தகத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. 2013-இலேயே நீண்ட ஒப்பந்தம் போட்டிருந்தால் அணிக்கு மலிவாக முடிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதை இன்றைக்குச் சொல்வது சுலபம், அன்றைக்கு அவர் காயப்பட்டிருந்தால் அணி புத்திசாலி என்று எழுதியிருப்போம்.

கதை இங்கே முடியவில்லை. உங்கள் நாலு பக்கத் தாளுக்கு மிகவும் தேவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்த 8 ஆண்டு ஒப்பந்தத்தில், அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அது 2016 ஜூலை 1 முதல்தான் அமலுக்கு வரும். ஜூன் 29-ஆம் தேதி அணி அவரை நாஷ்வில்லுக்கு மாற்றிவிட்டது. இரண்டு நாள் முன்னால்! மொன்ட்ரியால் குழந்தைகள் மருத்துவமனைக்கு 1 கோடி டாலர் திரட்டித் தருவதாக அறிவித்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அந்த ஊரிலேயே நெடுநாள் இருக்கப்போகிறோம் என்று நினைத்த மனிதர்.

அவருக்குப் பதிலாக மொன்ட்ரியாலுக்கு வந்தவர் ஷே வெபர், அவரும் தற்காப்பு ஆட்டக்காரர். 2012-இல் பிலடெல்பியா அணி அவருக்கு 14 ஆண்டுக்கு 11 கோடி டாலர் என்று எழுத்தில் விலை சொன்னது. நாஷ்வில் அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டது. மேலே சொன்ன 'ஏழு நாள்' விதி வேலை செய்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. வேறொருவர் விலை சொன்னதால்தான் அவருக்கு அந்தத் தொகை கிடைத்தது.

இந்தியாவில் ஏலம் போடுகிறார்களே, அது நல்லதா?

பனியை விட்டு நம்ம டர்ஃபுக்கு வருவோம். ஹாக்கி இந்தியா லீக் 2013-இல் தொடங்கி 2017-க்குப் பிறகு நின்றுபோனது. 2024 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது. அதற்கான ஏலம் அதே ஆண்டு அக்டோபரில் புது டில்லியில் நடந்தது. ஆட்டக்காரரின் ஆரம்ப விலை 2 இலட்சம், 5 இலட்சம், 10 இலட்சம் ரூபாய் என்று மூன்று படிகள். ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் செலவழிக்க 4 கோடி ரூபாய்.

அந்த ஏலத்தில் மிக அதிக விலை போனவர் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா ஹாக்கி கிளப் 78 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 4 இலட்சம் ரிங்கிட். வெளிநாட்டவரில் அதிக விலை போன கொன்சாலோ பெய்லாத்தும் தற்காப்பு ஆட்டக்காரர்தான், 68 இலட்சம். பெண்கள் ஏலத்திலும் முதலிடம் தற்காப்பு ஆட்டக்காரருக்கே. உதித்தா துஹானுக்கு 32 இலட்சம். (78-க்கும் 32-க்கும் உள்ள தூரம் தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

தற்காப்புக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். ஹர்மன்பிரீத்தும் பெய்லாத்தும் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பவர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மிக அதிகமாக 10 கோல் போட்டவர் ஹர்மன்பிரீத். தடுப்பவருக்குக் கிடைக்கும் விலை பெரும்பாலும் அவர் அடிக்கும் கோலுக்குத்தான் கிடைக்கிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் சந்தை அப்படித்தான் இருக்கிறது. கூடுதலாக அரை மணி நேரம் ஃபிளிக் பயிற்சி செய்யும் 17 வயதுத் தற்காப்பு ஆட்டக்காரர் பேரத்துக்கும் தயாராகிறார்.

ஏலத்தில் ஆட்டக்காரர் பேசுவதே இல்லை. ஆரம்ப விலையைக் குறிப்பதோடு அவர் வேலை முடிந்தது. எந்த ஊர், எந்தக் கோச், எத்தனை ஆண்டு என்று அவர் கேட்க முடியாது. அதே சமயம் பல அணிகள் ஒரே அறையில் உட்கார்ந்து போட்டி போடுகின்றன. சுபானுக்கு 2013-இல் கிடைக்காத போட்டி அது. பேச வாய் இல்லை, ஆனால் விலை சொல்ல ஆள் இருக்கிறது. விலை போகாமல் வீட்டுக்குப் போனவர்களும் உண்டு, அவர்கள் பெயர் தலைப்புச் செய்தியில் வருவதில்லை.

சரி, நம்ம ஊரில்?

மலேசிய ஹாக்கி லீக் ஆண்டு முழுக்க நடக்கும் போட்டி கிடையாது, சில மாதங்களில் முடிந்துவிடும். அணிகளுக்குப் பின்னால் இருப்பவை மாநில அமைப்புகள், நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள். திரெங்கானு, தெனாகா நேஷனல், யூனிகேஎல் என்று பெயரைப் பார்த்தாலே புரியும். அதனால் உங்கள் கையில் இருக்கும் தாள் எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. அது வேலை ஒப்பந்தமா, பருவத்துக்கான அலவன்ஸ் கடிதமா, இல்லை படிப்பு உதவியோடு வரும் உடன்பாடா? மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. அதுவும் உங்களுக்கு 17 வயது என்பதால் விஷயம் இன்னும் சுவாரஸ்யம் ஆகிறது.

1971-ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டப்படி மலேசியாவில் 18 வயதில்தான் நீங்கள் வயதுவந்தவர். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வயதுவந்தவர்தான் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர் என்கிறது. அப்போ 17 வயதில் போட்ட கையெழுத்து செல்லாதா? பொதுவாக ஆமாம், ஆனால் இரண்டு பெரிய விதிவிலக்குகள் உண்டு.

ஒன்று, வேலை. 1966-ஆம் ஆண்டு சிறார், இளையோர் வேலைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி 18 வயது நிரம்பாதவரும் வேலை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அதே பிரிவு உங்களுக்கு ஒரு கேடயமும் தருகிறது. அந்த ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று சொல்லி உங்களிடம் இழப்பீடு வசூலிக்க முடியாது. 'பாதியில விட்டுட்டுப் போனா இவ்வளவு கட்டணும்' என்று தாளில் எழுதியிருந்தால், பயந்துபோய் இரவெல்லாம் தூங்காமல் இருக்காதீர்கள், வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, படிப்பு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1971-இல் குர்சரண் சிங் வழக்கு என்று ஒன்று வந்தது. வயது நிரம்பாமல் கையெழுத்துப் போட்ட ஒருவருக்கு அரசாங்கம் கல்விச் செலவு செய்திருந்தது. அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு 1976-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசாங்கமோ, சட்டப்படி அமைந்த வாரியமோ, அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனமோ கொடுக்கும் உபகாரச் சம்பள ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டவருக்கு 18 வயது ஆகவில்லை என்ற காரணத்தால் மட்டும் செல்லாமல் போகாது. அதாவது, 'ஆடினால் ஃபீஸ் நாங்க கட்டுறோம்' என்று பல்கலைக்கழக அணி தரும் தாள், சம்பளம் தரும் தாளைவிட உங்களை இறுக்கமாகக் கட்டலாம். காயப்பட்டு ஆட முடியாமல் போனால் ஃபீஸ் நிற்குமா, இதுவரை கட்டியதைத் திருப்பிக் கேட்பார்களா என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

வேறு அணிக்குப் போகக்கூடாது என்று எழுதியிருந்தால்? ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலம் வேறு, முடிந்த பிறகு வேறு. முடிந்த பிறகும் இரண்டு ஆண்டு எங்கேயும் ஆடக்கூடாது என்பது போன்ற வாசகம் இந்தப் பிரிவின்முன் நிற்பது கடினம். வெளிநாட்டு லீக் என்றால் தேசிய ஹாக்கி அமைப்பின் ஆட்சேபமின்மைக் கடிதமும் தேவைப்படும், அதையும் மறக்காதீர்கள்.

தொகை பெரிதாக இருந்தால் போதாதா?

இதற்கு நம்ம காற்பந்தைப் பாருங்கள். 2025/26 சூப்பர் லீக் பருவத்துக்குச் சம்பள பாக்கிப் பிரச்சினையில் சிக்கியிருந்த கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் விலகிக்கொண்டன. மூன்றும் பெரிய பெயர்கள். அங்கே ஆடியவர்களிடமும் கையெழுத்தான தாள் இருந்தது, நல்ல தொகையும் எழுதியிருந்தது. பல மாதச் சம்பளம் வராமல் வீட்டு வாடகைக்கும் கார் தவணைக்கும் ஓடியவர்களின் கதை மலேசியக் காற்பந்தில் புதிது இல்லை. எழுதிய தொகை ஒன்று, கைக்கு வரும் தொகை இன்னொன்று.

காற்பந்து ஆட்டக்காரருக்காவது ஃபிஃபா விதிகள் இருக்கின்றன. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறித்துக்கொள்ளலாம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போடக்கூடாது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது வேறு கிளப்போடு பேசலாம். அவர்களுக்கு ஆட்டக்காரர் சங்கமும் இருக்கிறது. ஹாக்கியில் இந்த அளவுக்கு வேலி கிடையாது. வேலி இல்லாத இடத்தில் உங்கள் தாளில் எழுதியிருப்பதுதான் வேலி. அந்த ஃபிஃபா விதியையே முன்மாதிரியாக எடுத்து, 'இரண்டு மாதம் காசு வரலைன்னா நான் விலகலாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

அப்போ மேசையில் எதைப் பேசுவது?

தொகையை உயர்த்திக் கேட்டால் பெரும்பாலும் 'பட்ஜெட் இல்ல தம்பி' என்றுதான் பதில் வரும். சுபானே முதல் தடவை தோற்ற இடம் அது. காசு செலவாகாத விஷயங்களில் அணி சுலபமாக இறங்கி வரும். எஸ்.பி.எம் தேர்வு நேரத்தில் பயிற்சிக்கு விடுப்பு. காயப்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களில் அலவன்ஸ் தொடருமா என்பது. ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை அணிக்கு மட்டும்தானா, உங்களுக்கும் உண்டா என்பது. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள். 'அணி விரும்பினால் நீட்டிக்கலாம்' என்று மட்டும் இருந்தால், நன்றாக ஆடினால் பழைய சம்பளத்திலேயே வைத்துக்கொள்வார்கள், ஆடாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். பாலம் அவர்களுக்கு மட்டும் போட்ட மாதிரி.

வேலை ஒப்பந்தம் என்றால் ஊழியர் சேமநிதி பற்றிக் கேளுங்கள். மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டிருந்தால் முதலாளி பங்கு 13 விழுக்காடு, உங்கள் பங்கு 11. அலவன்ஸ் என்று பெயர் மாற்றி எழுதிவிட்டால் இந்தப் பேச்சே எழாது. சில இடங்களில் அந்தப் பெயர் மாற்றமே அதற்காகத்தானோ என்று சந்தேகம் வரும்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் அது எந்தத் தேதியிலிருந்து அமல் என்று பென்சிலில் குறித்து வையுங்கள். ஜூன் 29-க்கும் ஜூலை 1-க்கும் நடுவில் என்ன நடக்கும் என்று பார்த்தோமே.

கோச்சிடம் போய் இதெல்லாம் கேட்டால் 'தலைக்கனம்' என்று நினைப்பாரோ என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. "கெடச்சத விட்டுடாதடா" என்று பாட்டி சொல்வார். அப்பா ஒன்றும் சொல்லாமல் தாளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார், மலாயில் எழுதிய சட்ட வாசகம் அவருக்கும் புரிந்திருக்காது. இந்தப் பேச்சை நீங்கள் நேரில் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரியவர் ஒருவர், முடிந்தால் வழக்கறிஞர், உங்களுக்காகப் பேசட்டும். என்எச்எல்லில் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு முகவர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கசப்பான வார்த்தைகளை அவர்கள் பேசிக்கொள்வார்கள், நீங்கள் மறுநாள் அதே கோச்சுக்கு வணக்கம் சொல்லிப் பயிற்சிக்குப் போகலாம்.

நிர்வாகி நாளைக்கே வேண்டும் என்றாரே, அதற்கு என்ன சொல்வது? "சார், வீட்டுல ஒரு வாரம் டைம் கேட்டாங்க. படிச்சுப் பார்த்துட்டுத் தர்றோம்." இவ்வளவுதான். ஒரு வாரத்தில் மறைந்துபோகும் வாய்ப்பு என்றால் அது ஏன் அவ்வளவு அவசரம் என்றும் அப்பா கேட்கலாம். கையெழுத்துப் போட்டால், இரு தரப்பும் ஒப்பமிட்ட பிரதி ஒன்றை அன்றைக்கே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். "ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் தர்றோம்" என்றால், அது கைக்கு வரும்வரை ஆபீஸிலேயே உட்கார்ந்திருங்கள்.